மூன்று சக்கரமும் ஓர் இருக்கையும்



நம் ஊர்களில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவதொரு வீட்டின் கொல்லைப்புறத்தில் ஓட்டம் நின்றுபோன மோட்டார் சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்து துருவேறிக் கிடப்பதைக் காண்கிறோம். அதே தெருவில், வேறொரு வீட்டின் திண்ணையில், நடக்க இயலாத ஓர் இளைஞர் போவோர் வருவோரைப் பார்த்தவாறே பகற்பொழுதைக் கழிப்பதையும் காண்கிறோம். அவருக்குக் கல்வி உண்டு, கைத்திறன் உண்டு, உழைத்துப் பிழைக்கும் மனமும் உண்டு. ஆனால் கடைவீதிக்கும், ஜும்ஆத் தொழுகைக்கும், மருத்துவமனைக்கும் போய்வர ஒவ்வொரு முறையும் பிறர் தயவை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை. இவ்விரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

அப்படிச் சேர்த்துப் பார்த்த ஒருவரின் வரலாறு இங்கிலாந்து நாட்டில் உண்டு. ஒரு வீட்டுக்குள் தொடங்கிய சிறு முயற்சி, அந்நாட்டு மாற்றுத் திறனாளிகள் பல்லாயிரம் பேருக்கு வண்டியாக வளர்ந்தது. பின்னர் அதே வண்டி அவர்களில் பலருடைய மனக்குறைக்கும் காரணமாயிற்று. இந்த வரலாற்றின் இரண்டு பாதிகளையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் வீட்டிலேயே ஒரு மூன்று சக்கர வண்டியைக் கட்டிவிடலாம் என்ற ஆசை நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இருக்கிறது. அந்த ஆசையை வளர்க்கவும் வேண்டும். அதற்கு வரம்பு காட்டவும் வேண்டும்.

உறவினருக்காகப் பிறந்த வண்டி

பெர்ட் கிரீவ்ஸ் என்பவர் இயந்திர வேலையில் கைதேர்ந்த ஆங்கிலேயர். டெர்ரி பிரஸ்டன்-காப் என்பவர் அவருக்கு நெருங்கிய உறவினர். பெரியப்பா பிள்ளை, மாமன் பிள்ளை என்று நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலேயர் 'கஸின்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்களே, அந்த உறவு. பிரஸ்டன்-காப் நடக்க இயலாதவர். சக்கர நாற்காலியே அவருடைய உலகம். 1940-களில் கிரீவ்ஸ் அந்த நாற்காலியில் ஒரு சிறு இன்ஜினைப் பொருத்திப் பார்த்தார். புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக் கொண்டிருந்தபோதுதான் இந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்வார்கள். புல்லை வெட்ட உதவும் இன்ஜின் ஒரு மனிதரைச் சுமந்து செல்ல உதவாதா என்பதே அவர் தமக்குள் கேட்டுக் கொண்ட கேள்வி.

அந்தச் சோதனை பலித்தது. கால்களின் உதவியே வேண்டாமல், கைகளால் மட்டுமே இயக்கத்தக்க மூன்று சக்கர வண்டியாக அது உருப்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் கால்களை இழந்து திரும்பிய வீரர்கள் அந்நாட்டில் ஏராளமாக இருந்தனர். உறவினர் இருவரும் கூட்டாக இன்வாகார் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துத் தண்டர்ஸ்லி என்னும் ஊரில் இவ்வண்டிகளைத் தயாரித்தனர். மோட்டார் சைக்கிள்களுக்கென்றே செய்யப்பட்ட வில்லியர்ஸ் இன்ஜின்கள் அவற்றில் பொருத்தப்பட்டன. 1948 முதல் பிரிட்டிஷ் அரசே இத்தகைய வண்டிகளை வாங்கி, உடற்குறையுடையோருக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரஸ்டன்-காப் உதவி பெற்றுக்கொண்டு ஒதுங்கியிருந்தவர் அல்லர். நிறுவனத்தில் பங்குதாரராக உழைத்தவர். கை எவ்வளவு தூரம் எட்டும், நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறுவது எப்படி, எந்த நெம்புகோல் எங்கே இருந்தால் தோள் வலிக்காது என்பவற்றையெல்லாம் அதில் அமர்கிறவரே அறிவார். கைத்திறன் உடையவரும் தேவை உடையவரும் ஒரே பட்டறையில் அருகருகே இருந்ததே அந்த முதல் வண்டியின் வெற்றிக்குக் காரணம்.

பாதிரியாரின் மகனும் பள்ளிக்கூடப் பட்டறையும்

மோட்டார் சைக்கிள் இன்ஜினும் மூன்று சக்கரமும் ஒன்று சேர்ந்தது கிரீவ்ஸ் காலத்தில்தான் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே வேறோர் ஆங்கில இளைஞர் அதைச் செய்து காட்டியிருந்தார். ஹென்றி ஃபிரடெரிக் ஸ்டான்லி மார்கன் என்பது அவர் பெயர். கிராமப்புறப் பாதிரியார் ஒருவரின் மகன். மோட்டார் சைக்கிள் செய்வதற்காக அவர் வாங்கி வைத்திருந்த பெஜோ நிறுவனத்து இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று கையில் இருந்தது. அதனை மூன்று சக்கர வண்டியில் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. மால்வெர்ன் கல்லூரி என்ற பள்ளியில் பொறியியல் ஆசிரியராக இருந்த ஸ்டீஃபன்சன்-பீச் என்பவர் பள்ளியின் பட்டறையையே திறந்துவிட்டு உதவினார். 1909-இல் வண்டி ஓடியது. தந்தையார் பொருளுதவி செய்ய, மார்கன் தொழில் தொடங்கினார்.

1910-இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் அவர் வைத்த வண்டிகள் ஒருவர் மட்டுமே அமரத்தக்கவை. பார்த்தவர்கள் பாராட்டினர், வாங்கியவர்களோ சிலர்தாம். மனைவியையோ நண்பரையோ ஏற்றிச் செல்ல முடியாத வண்டியை யார் விரும்புவார்? இரண்டு பேர் அமரும் வண்டியை அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த பிறகே விற்பனை பெருகியது. இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

டாம் வில்லியம்ஸ் என்பவரின் கதையும் இத்தகையதே. அவர் வேலை பார்த்த ராலே நிறுவனம் மூன்று சக்கர வண்டிகள் செய்வதைக் கைவிட்டபோது, அவர் தம் வீட்டுத் தோட்டத்திலேயே சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியைக் கட்டினார். அதிலும் மோட்டார் சைக்கிள் இன்ஜினே இருந்தது. 1935-இல் பிறந்த அந்த முயற்சிதான் ரிலையண்ட் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இவர்கள் யாவரும் மோட்டார் சைக்கிள் இன்ஜினை நாடியதற்குக் காரணம் எளிது. இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே கட்டமாக, குறைந்த எடையில், குறைந்த விலையில் கிடைத்துவிடுகின்றன. வெளியே வரும் செயினை ஒரு சக்கரத்தில் பூட்டிவிட்டால் வண்டி நகரும். அத்துடன் எடை குறைந்த மூன்று சக்கர வண்டிகளுக்குப் பிரிட்டனில் கார்களைவிடக் குறைந்த வரி விதிக்கப்பட்டது. ஏழை எளியவர்க்கு அது பெரிய ஆதாயம்.

ஒற்றைச் சக்கரம் முன்னா, பின்னா?

வண்டி கட்ட முனைகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது மார்கன் முறை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்பது நம் ஆட்டோ ரிக்‌ஷாவின் முறை; இன்வாகாரின் முறையும் அதுவே.

செலவை மட்டும் பார்த்தால் மார்கன் முறை எளியது. பழைய மோட்டார் சைக்கிளின் பின்பாதியை, அதாவது செயினும் சக்கரமும் அதனைத் தாங்கும் கவைக்கம்பியும் இருக்கிறபடியே வைத்துக்கொள்ளலாம். முன்பாதியை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும். ஆட்டோ முறையில் முன் ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் மிஞ்சும். பின் அச்சுதான் தொல்லை. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் உருள வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே கம்பியில் இறுக்கிப் பூட்டினால் அவை ஒரே வேகத்தில்தான் சுழலும், டயர் தேயும், வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் செயினைப் பூட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆட்டோவில் டிஃபரன்ஷியல் வைத்திருப்பது இக்குறையைப் போக்கத்தான்.

அடுத்தது கவிழும் அபாயம். தரையில் மூன்று சக்கரங்கள் படியும் இடங்களைக் கோடிட்டு இணைத்துப் பாருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் பாரம் அந்த முக்கோணத்துக்குள் விழுகிற வரையில் வண்டி நிற்கும். வெளியே போனால் கவிழும். ஒற்றைச் சக்கரத்தை நெருங்க நெருங்க முக்கோணம் குறுகிவிடுகிறது. ஆகவே, பாரம் எப்போதும் இரட்டைச் சக்கரத்தின் பக்கமாகவும், தரைக்கு அருகிலும் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே 120 சென்டிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 180 சென்டிமீட்டர். மொத்தப் பாரத்தின் மையம், இரட்டைச் சக்கர அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும். இருக்கையை உயர்த்தி, பாரத்தின் மையத்தை 80 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் 31 கிலோமீட்டரிலேயே அது நிகழும். உயரமும் கூடி, பாரமும் வண்டியின் நடுவுக்கு நகர்ந்துவிட்டால் 27 கிலோமீட்டர் போதும். பார்த்தீர்களா? இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லை. சாலையும் அதே சாலைதான். இருக்கையை எங்கே வைத்தோம் என்பது மட்டுமே ஓர் உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

திருப்பத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னோக்கித் தள்ளப்படும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியில் அது குறுகிய முனையை நோக்கிப் போகிறது, அபாயம் கூடுகிறது. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் அது அகன்ற பக்கத்தை நோக்கிப் போகிறது. மார்கன் முறைக்கு உள்ள பெரிய சிறப்பு இதுவே.

சிக்கனம் எங்கே, தாராளம் எங்கே?

குறைந்த செலவு என்ற சொல் பட்டறையில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மேற்கூடு, வண்ணம், இருக்கை உறை, விளக்கின் அழகு இவற்றில் சிக்கனம் காட்டலாம். பழைய இன்ஜினை வாங்கலாம். ஆனால் அதனை ஆர்.சி. புத்தகத்தோடும், இன்ஜின் எண்ணைச் சரிபார்த்தும் வாங்குங்கள். களவுபோன வண்டியின் உறுப்பு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வரக்கூடாது.

சிக்கனம் காட்டக்கூடாத இடங்கள் நான்கு: பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள், வெல்டிங், சக்கரம்.

ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தச் செய்யப்பட்ட பிரேக், அதைவிடக் கனமான வண்டியை அதே தூரத்தில் நிறுத்தாது. மூன்று சக்கரத்திலும் பிரேக் வேண்டும். மேட்டில் நிறுத்தி வைக்கத் தனியாகக் கைப்பிரேக்கும் வேண்டும். சட்டத்தை இணைக்கும் வெல்டிங்கை, கேட்டும் கிரில்லும் செய்கிற அவசரத்தில் செய்துவிட முடியாது. கேட்டில் பற்று விட்டால் கேட் தொங்கும். வண்டியில் விட்டால் மனிதர் விழுவார்.

சக்கரத்தில் உள்ள நுட்பம் பலரும் அறியாதது. இருசக்கர வண்டி திருப்பத்தில் சாய்ந்து கொடுக்கிறது. அதனால் ஸ்போக்ஸ் கம்பிகளின் மீது பக்கவாட்டுப் பளு அவ்வளவாக விழுவதில்லை. மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பளு முழுவதும் சக்கரத்தைப் பக்கவாட்டில் வளைக்கிறது. மெல்லிய ஸ்போக்ஸ் சக்கரம் அதைத் தாங்கும் என்று நம்பிவிட முடியாது. இரும்புத் தகட்டாலான ஆட்டோச் சக்கரமோ ஸ்கூட்டர் சக்கரமோ மேல்.

மோட்டார் சைக்கிள் இன்ஜின் காற்றில் குளிரும் வகையைச் சேர்ந்ததாயின், அதை மூடிய கூட்டுக்குள் வைத்தால் சூடு ஏறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டர் இன்ஜின்களில் விசிறியும் அதன்மேல் உறையும் இருப்பது இதற்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மோட்டார் சைக்கிள் இன்ஜினில் பொதுவாகப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. கால் உள்ளவருக்கு அது ஒரு குறையே அன்று. இறங்கிப் பின்னால் தள்ளிக்கொள்வார். நடக்க இயலாதவர் முட்டுச் சந்துக்குள் போய்விட்டால் என்ன செய்வார்? யாராவது வந்து இழுத்துவிடும் வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். எந்தத் தயவிலிருந்து விடுபட வண்டி செய்தோமோ, அதே தயவில் மீண்டும் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். ஆட்டோவின் கியர் பெட்டியில் ரிவர்ஸ் உண்டு. அமர்கிறவரைக் கேட்டிருந்தால் அதை அவர் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ஓர் இருக்கையின் வேதனை

மீண்டும் இன்வாகாரின் வரலாற்றுக்கு வருவோம். பிரிட்டனில் இவ்வகை வண்டிகள் பல்லாயிரக் கணக்கில் வழங்கப்பட்டன. இன்வாகாரோடு வேறு சில நிறுவனங்களும் தயாரித்தன. பின்னாளில் வெளிர்நீல நிறக் கண்ணாடியிழைக் கூடும், ஐந்நூறு சி.சி. அளவிலான இன்ஜினும் கொண்ட வண்டிகள் வந்தன. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வேலைக்குப் போனார்கள். சொந்தச் சம்பாத்தியம் கண்டார்கள். இந்த நன்மையை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அவ்வண்டியில் இருந்தது ஒரே ஓர் இருக்கை. உடன் எவரையும் ஏற்றிச் செல்ல அனுமதியும் இல்லை. சற்றே சிந்தித்துப் பாருங்கள். கணவர் வண்டியில் போவார். மனைவி பேருந்துக்குக் காத்திருப்பார். தாய் வண்டியில் போவார். தம் கைக்குழந்தையை அதில் ஏற்றிக்கொள்ள முடியாது. வழியில் வண்டி நின்றுவிட்டால் இறங்கி உதவ உடன் ஒருவர் இல்லை. பலத்த பக்கக் காற்றில் வண்டி தடுமாறுகிறது, கவிழ்கிறது என்ற முறையீடுகளும் எழுந்தன. பெருஞ்சாலைகளில் செல்லத் தடை இருந்தது. வெளிர்நீல நிறமே 'இதோ ஒரு நோயாளி போகிறார்' என்று ஊருக்கு அறிவிப்பதுபோல் ஆயிற்று என்று வருந்தியவர்கள் உண்டு.

1910-இல் மார்கனின் ஒற்றை இருக்கை வண்டியை வாடிக்கையாளர்கள் ஒதுக்கியதும், அவர் உடனே திருத்திக்கொண்டார். காசு கொடுத்து வாங்குகிறவரின் விருப்பத்துக்கு மதிப்பு இருந்தது. இலவசமாகப் பெறுகிறவரின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? 'கொடுத்ததைப் பெற்றுக்கொள்' என்ற நிலைதான் பல ஆண்டுகள் நீடித்தது. மாற்றுத் திறனாளிகள் தாமே அமைப்பாகத் திரண்டு, எங்களுக்குக் குடும்பத்தோடு செல்லும் கார் வேண்டும் என்று போராடினர். அரசு நியமித்த ஷார்ப் சீமாட்டியின் அறிக்கை 1974-இல் வெளிவந்தது. இம்மூன்று சக்கர வண்டிகளைக் கைவிட வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. 1976-இல் புதிய வண்டிகள் வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டது. போக்குவரத்துக்கென உதவித்தொகையும் ஏற்பட்டது. அத்தொகையைக் கொண்டே கார் பெற வழிசெய்யும் மோட்டபிலிட்டி என்ற அமைப்பு 1977-இல் தோன்றியது. எஞ்சியிருந்த அரசு வண்டிகளும் 2003 மார்ச் 31-ஆம் தேதியோடு திரும்பப் பெறப்பட்டன.

உறவினரின் அருகில் அமர்ந்து, அவரைக் கேட்டுக் கேட்டுச் செய்த வண்டி நன்மையில் தொடங்கியது. கேட்பதை நிறுத்திய இடத்தில் அது குறைபட்டுப் போயிற்று. இதுவே அந்த வரலாறு நமக்குக் கற்றுத்தரும் பாடம்.

நம் நாட்டில் வழி என்ன?

சரி, நம் வீட்டுக் கொல்லையில் ஒரு வண்டியைக் கட்டிச் சாலையில் ஓட்டலாமா? உண்மையை மறைப்பதில் பயனில்லை, ஓட்ட முடியாது. நம் நாட்டில் புதிய மாதிரி வண்டி ஒவ்வொன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதிக்கப்பட வேண்டும். இது தொழிற்சாலைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி. பிரிட்டனில் ஒரே ஒரு வண்டியைக் கட்டியவரும் அதைத் தனிச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்று பெற வழி இருக்கிறது. நம்மிடம் வீட்டுப் பட்டறைக்காரருக்கு அத்தகைய எளிய வழி இல்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்ளக் கட்டுகிற வண்டி, சொந்தத் தோப்புக்குள் ஓடுவதோடு நிற்க வேண்டும்.

சென்னையில் மீன்பாடி வண்டி என்று வழங்கும் சரக்கு மிதிவண்டியில் பழைய இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்கிறவர்களின் கைத்திறனைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் மிதித்துச் செல்லும் வேகத்துக்கென்று செய்த சட்டமும் பிரேக்கும் இன்ஜினின் வேகத்தைத் தாங்குமா? பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடு இல்லை. அது ஒருவர் மீது மோதிவிட்டால், இறந்தவரின் மனைவி மக்களுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீடு தராது. நம் சிக்கனத்துக்கான விலையை நம்மை அறியாத ஒரு குடும்பம் செலுத்த நேரும். பிறர் உரிமை சம்பந்தப்பட்ட இதை அற்பமாக எண்ணலாகாது.

அதற்காகக் கை கட்டி இருக்கவும் வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆயினும் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், உடற்குறை உடையவரின் பயன்பாட்டுக்காகத் தம் வண்டியை மாற்றியமைத்துக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெற இடமளிக்கிறது. அவ்வண்டியை அவரோ, அவருக்காகவோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41-ஆம் பிரிவும் இத்தகைய மாற்றியமைப்பை ஊக்குவிக்கச் சொல்கிறது. தமிழ்நாடு அரசு, தகுதி உடையவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாக வழங்கி வருகிறது. மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். இதை அறியாமலேயே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன!

ஸ்கூட்டரில் இணைப்புச் சக்கரம் பொருத்தும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பக்கச் சக்கரங்கள் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டால், பள்ளத்தில் இறங்கும்போது நடுவில் உள்ள பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். அப்போது இழுவையும் இல்லை. பின் பிரேக்கும் இல்லை. பக்கச் சக்கரங்களுக்கு ஸ்பிரிங் இருக்க வேண்டும். பாரத்தின் பெரும்பகுதி நடுச் சக்கரத்தின் மீதே நிற்க வேண்டும். வண்டியை எடுத்து வருமுன், கரடுமுரடான தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்ரோல் இன்ஜினுக்குப் பதிலாக மின் மோட்டாரும் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் நியோமோஷன் நிறுவனமும் உருவாக்கிய நியோபோல்ட் என்ற சாதனம் 2021-இல் வெளியாயிற்று. சக்கர நாற்காலியின் முன்னால் அதைப் பூட்டினால் நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகி, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும். போய்ச் சேர்ந்ததும் கழற்றி வைத்துவிட்டு, அதே நாற்காலியில் கடைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் செல்லலாம். நாற்காலியில் இன்ஜினைப் பொருத்திய கிரீவ்ஸின் எண்ணத்தை இது நினைவூட்டுகிறது அல்லவா?

கேட்ட பிறகு கட்டுங்கள்

வாசகப் பெருமக்களே! உங்கள் குடும்பத்திலோ, மஹல்லாவிலோ நடக்க இயலாத ஒருவர் இருப்பாராயின், உதவி செய்யத் துடிக்கும் கைகளுக்கும் குறைவிராது. ஜமாஅத்தாரில் பணம் தருகிறவர் இருப்பார். பட்டறை வைத்திருப்பவர் இருப்பார். அலுவலகம் அலைந்து படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருப்பார். இவர்கள் அனைவரும் கூடிப் பேசும்போது, எவருக்காகப் பேசுகிறார்களோ அவரும் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

அவரிடம் கேளுங்கள். வண்டியில் எந்தப் பக்கமாக ஏறுவீர்கள்? ஊன்றுகோலை எங்கே வைப்பீர்கள்? எந்தக் கைக்கு வலிமை அதிகம்? உங்கள் வீட்டு வாசற்படியில் வண்டி ஏறுமா? நாள்தோறும் எங்கே போக விரும்புகிறீர்கள்? யாரை உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். வயதான தாயை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்றும் சொல்லலாம். இத்தனை காலம் பிறர் சுமந்து சென்ற ஒருவர், தாம் ஒருவரைச் சுமந்து செல்லும் நாளைத் தமக்குள் எண்ணிக் காத்திருக்கக்கூடும்.

அவருடைய விடை கிடைத்த பிறகு அளவுகோலைக் கையில் எடுங்கள். இருக்கைகள் எத்தனை என்பதை அவர் சொல்லட்டும்.